பாறை வழுக்கும், கவனம்

சும்பர்பாகிஸ், ஜூன் 11

மதிப்பிற்குரிய இபு லெஸ்தியானி அவர்களுக்கு,

கையெழுத்தைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். எழுத்துகள் சில இடத்தில் மலை ஏறுகின்றன, சில இடத்தில் பள்ளத்தில் விழுகின்றன. எனக்கு வயது எழுபத்தொன்று. ஊர் மன்றத்தில் நிநிங் டீச்சரிடம் எழுத்துப் படிக்க உட்கார்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது. என் வாழ்க்கையில் நான் எழுதும் முதல் கடிதம் இது. முதல் கடிதம் நல்ல செய்தியோடு போக வேண்டும் என்று ஆசையாக இருந்தேன். அந்த ஆசையில் நீங்கள் மண்ணைப் போட்டீர்கள்.

குஞ்சைக் காணோம்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வழக்கம்போல மூங்கில் குடிலுக்குப் போனேன். நீங்கள் ஆறு நாள் உட்கார்ந்து படம் எடுத்த அதே குடில். ஓடைக்கு அக்கரையில் தாய்க் கழுகு மரத்தைச் சுற்றிச் சுற்றிக் கத்திக்கொண்டிருந்தது. கூட்டில் அசைவே இல்லை. அக்கரைக்குப் போனேன். அடிமரத்திலிருந்து கூடு இருக்கும் கிளை வரைக்கும் முழங்கை இடைவெளியில் ஆணி அடித்திருந்தார்கள். கயிறு உரசிப் பட்டை கழன்று கிடந்தது. இன்னும் மூன்று வாரம் விட்டிருந்தால் அது தானாகப் பறந்து போயிருக்கும். கொண்டைக் கழுகு இரண்டு வருடத்துக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும் என்று எனக்குச் சொன்னவரே நீங்கள்தான்.

யார், எப்படி என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். செவ்வாய்க்கிழமை கடைக்கார வார்சிதி கைபேசியை நீட்டினான். "பாக் கஸிரான், இது நம்ம மரந்தானே? எத்தன பேரு பாத்துருக்கான் பாருங்க." படத்தின் கீழே உங்கள் பெயர். அவன் இரண்டு விரலை வைத்து விரித்தான். மரம் பெரிதாகியது. மறுபடி விரித்தான். பட்டையில் பாசி தெரிந்தது. மறுபடி விரித்தான், பாசியில் நீர்த்துளி தெரிந்தது. அவன் விரிக்க விரிக்க என் மலை அந்தக் கைபேசிக்குள்ளிருந்து வந்துகொண்டே இருந்தது.

குடிலில் உட்கார்ந்து நீங்கள் சொன்னது எனக்கு மறக்கவில்லை. "பாக், உள்ளங்கை அளவு படம் மட்டுந்தான் எங்க படக்காரங்க குழுவுல போடுவேன். பெரிய படம் என் வீட்ட விட்டு வெளிய போகாது, சத்தியம்." சத்தியம் என்ற சொல்லை எழுத எனக்கு மூன்று தடவை ஆனது. உங்களுக்கு அதைச் சொல்ல ஒரு நொடிகூட ஆகவில்லை.

படத்தை எடுத்துவிடுங்கள். குஞ்சு எங்கே போனது என்று உங்கள் குழுவில் விசாரியுங்கள். அது தூர தேசத்துக்கு விற்கப்படும் முன் கிடைக்க வேண்டும். இனி இந்த மலைக்கு வராதீர்கள்.

கோபத்தில் 'நீ' என்றுதான் கைக்கு வருகிறது. ஆனால் 'நீங்கள்' என்பதில் எழுத்து அதிகம், எழுதிப் பழக நல்லது. அதனால்தான் மரியாதை, மேலே 'இபு' என்று அம்மா போட்டதும் அதற்குத்தான். வேறு காரணம் இல்லை.

என் மனைவி சுமியெம் நான்கு நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். "வாயால திட்டியிருந்தா ஒரு காப்பி ஆறதுக்குள்ள முடிஞ்சிருக்கும். இந்நேரம் கேரட்டுக்குக் களை எடுத்திருக்கலாம்," என்கிறாள். வாயால் திட்டினால் காற்றோடு போகும். இது நிற்கும். அதை நினைத்தால் கோபத்துக்கு நடுவிலும் ஒரு சந்தோஷம் வருகிறது, மறைக்க மாட்டேன்.

கஸிரான்


மலாங், ஜூன் 14

பாக் கஸிரான் அவர்களுக்கு,

காய்கறி லாரிக்காரர் உங்கள் கடிதத்தை என் மருந்துக்கடையில் கொடுத்துவிட்டுப் போனார். இருமல் மருந்து கேட்டு நின்றவரைக் காக்கவைத்துவிட்டு நின்றபடியே படித்தேன். குஞ்சைப் பற்றிய வரியில் கண் இருட்டியது. அதற்கு அடுத்த வரிகளில் கண் நன்றாகவே திறந்தது.

எட்டு மாதத்தில் இவ்வளவு எழுதக் கற்றதற்குப் பாராட்டலாம் என்று நினைத்தேன். கற்ற எழுத்தையெல்லாம் என்னைத் திருடி என்று சொல்லத்தான் சேர்த்து வைத்திருந்தீர்கள் போலிருக்கிறது.

நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் குழுவில் ஆயிரத்து இருநூறு பேர். எல்லோருமே வேறு தொழில் செய்துகொண்டு ஆசைக்குப் படம் எடுப்பவர்கள். உங்களிடம் சொன்னபடி சிறிய படத்தைத்தான் போட்டேன். ஸெமாராங்கில் ஹர்ஜோனோ என்று ஒருவர், ஓய்வுபெற்ற நில அளவையாளர். யார் படம் போட்டாலும் பூதக்கண்ணாடியோடு வருவார். "இபு, மூடுபனி இறங்குற நேரத்துல இலை நரம்பு தெரியுதா? இது லென்ஸ் எடுத்தது இல்ல, கம்ப்யூட்டர் வரைஞ்சது. முழு அளவப் போடுங்க பாப்போம். இல்ல, பயமா?" என்று எல்லார் முன்னாலும் எழுதினார். கூடவே பத்துப் பேர் சிரித்தார்கள். அந்தக் குழுவில் பெண்கள் நாங்கள் ஏழு பேர். நாங்கள் எது போட்டாலும் யாரோ எடுத்துக் கொடுத்தது என்பார்கள். பன்னிரண்டு வருடமாக அந்தப் பேச்சைக் கேட்டாகிவிட்டது. போட்டேன், முழு அளவையும் போட்டேன். அவர் வாயை மூடினார். ஐந்து மணி நேரம் கழித்து எடுத்துவிட்டேன். வார்சிதி கையில் இருப்பது அதற்குள் யாரோ நகல் எடுத்தது.

வாக்குத் தவறியது உண்மை. அதற்கு என்னைத் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். ஆனால் குஞ்சு போனதற்கு நான் காரணமில்லை. படக் கோப்புக்குள் இடம் பதிவாகியிருக்கும், அதை முதலிலேயே அழித்துவிட்டேன். நான் நேற்று கேமரா வாங்கியவள் அல்ல. மீதி என்ன இருக்கிறது? ஒரு மரம், ஒரு ஓடை, மூடுபனி. ஜாவாவில் அப்படிப் பத்தாயிரம் ஓடை இருக்கிறது. வெறும் மரத்தைப் பார்த்து உங்கள் ஊரைக் கண்டுபிடிக்க எவனாலும் முடியாது.

ஆகவே கேள்வியை உங்கள் பக்கம் திருப்புகிறேன். கழுகு கூடு கட்டியிருக்கிறது என்று வார்சிதி கடையில் உட்கார்ந்து எத்தனை பேரிடம் பெருமை பேசினீர்கள்? உங்கள் ஊரில் முன்பு வலை வைத்தவர் ஒருவர் இருக்கிறார் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? அவரைக் கேட்டீர்களா?

குழுவில் விசாரிக்கிறேன். நீங்கள் சொன்னதற்காக அல்ல, அந்தக் குஞ்சின் முதல் இறகசைப்பைப் பார்த்தவள் என்பதற்காக.

மலைக்கு வராதே என்று சொல்ல மலை உங்கள் கேரட் தோட்டம் அல்ல.

லெஸ்தியானி


சும்பர்பாகிஸ், ஜூன் 20

இபு லெஸ்தியானி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை நானே படித்தேன். யாரையும் படித்துக் காட்டச் சொல்லவில்லை. ஒரு பகல் முழுதும் ஆனது. மெதுவாகப் படிப்பதில் ஒரு கஷ்டம், ஒவ்வொரு வசவும் தனித்தனியாக வந்து குத்துகிறது. வேகமாகப் படிக்கிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

நீங்கள் கேட்டபடியே துகிஜோவைக் கேட்டுவிட்டேன். இப்போது திருப்திதானே?

துகிஜோ என் தோட்டத்துக்கு அடுத்த தோட்டம். முன்பு பறவைக்கு வலை வைத்தவன். பன்னிரண்டு வருடத்துக்கு முன் வலையை என் கண் எதிரில் எரித்தவன். உங்கள் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். அது நெஞ்சில் தீக்கங்குபோல இருந்தது. அவன் முட்டைக்கோஸ் வெட்டிக்கொண்டிருந்தான்.

"குஞ்சு விஷயம் உனக்கு ஏதாச்சும் தெரியுமா?" என்றேன்.

அவன் கத்தியைக் கீழே வைத்தான். "என்னைக் கேக்குறியா, இல்ல என்னைச் சொல்றியா?"

"கேக்கத்தான் கேக்குறேன்."

"கஸிரான், உன் மவ கல்யாணத்துக்கு ரெண்டு நாள் நான் விறகு சுமந்தேன். அப்ப எல்லாம் உனக்கு என் மூஞ்சியில திருடன் தெரியல. நேத்து எழுத்துப் படிச்ச, இன்னிக்கு என் நெத்தியில எழுதப் பாக்குற. போ. எழுதிக்கிட்டே இரு."

மறுநாள் என்னிடமிருந்து வாங்கிப் போன மண்வெட்டியை வேலி மேல் சாய்த்துவைத்துவிட்டுப் போயிருந்தான். கழுவித் துடைத்து வைத்திருந்தான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

இது உங்கள் கடிதத்தால் வந்தது. நீங்கள் ஒரு வரி எழுதினீர்கள், இங்கே நாற்பது வருடப் பேச்சு நின்றுபோனது. தொலைவில் இருப்பவர்கள் எழுதுவதற்குச் சக்தி உண்டு என்று நிநிங் டீச்சர் சொன்னபோது, நல்ல சக்தி என்று நினைத்துவிட்டேன்.

வெறும் மரத்தைப் பார்த்து எவனாலும் ஊரைக் கண்டுபிடிக்க முடியாது என்கிறீர்கள். கண்டுபிடித்தானே. ஆணி அடித்தவன் வேறு மரத்தில் ஏறிப் பார்க்கவில்லை. நேராக வந்திருக்கிறான். ஈர மண்ணில் தடம் பார்த்தேன். ஓடையின் மூன்றாவது திருப்பம் வரைக்கும் எங்கும் நிற்காமல், கிளை பிரியாமல், எங்கள் ஊர்க்காரன் தன் வீட்டுக்கு நடப்பதுபோல வந்திருக்கிறான். அவனுக்கு யார் வழி சொன்னார்கள்? அந்தப் படம்தான் சொன்னது. எப்படிச் சொன்னது என்பதை நீங்கள் பாருங்கள், கேமரா உங்களுடையது. பெரிதாக்கிப் பெரிதாக்கி நீர்த்துளி வரைக்கும் பார்க்கிறவர்கள்தானே நீங்கள். போய்ப் பாருங்கள்.

தாய்க் கழுகு நேற்று ஒரு அணிலைக் கொண்டுவந்து காலிக் கூட்டில் வைத்துவிட்டுப் போனது. அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, அதனால் நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

கஸிரான்


மலாங், ஜூன் 25

பாக் கஸிரான்,

போய்ப் பார்க்கச் சொன்னீர்கள். பார்த்தேன்.

இந்த உறையில் ஒரு தாள் இருக்கிறது. அந்தப் பெரிய படத்தின் வலது கீழ் மூலை. முழுப் படத்தில் அது ஒரு அரிசி அளவு வெள்ளைப் புள்ளி. எண்பது மடங்கு பெரிதாக்கி அச்சிட்டிருக்கிறேன்.

நான் படம் போட்ட அன்று மாலையே ஒருவன் கீழே கேட்டிருக்கிறான்: "மூலையில பலகை மாதிரி ஏதோ இருக்கே, என்ன எழுதியிருக்கு?" இன்னொருவன் அதைப் படித்து, ஒரு எழுத்து விடாமல் பதில் போட்டிருக்கிறான். அந்த நேரத்தில் நான் ஹர்ஜோனோ தோற்றுப்போனதைக் கொண்டாடிக்கொண்டிருந்தேன். இலை நரம்பைப் புகழ்ந்தவர்களுக்கெல்லாம் நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த இரண்டு வரி என் கண்ணில் படவில்லை. அது என் குற்றம், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மீதியை நீங்களே படியுங்கள். இப்போதுதான் படிக்கத் தெரியுமே.

லெஸ்தியானி


சும்பர்பாகிஸ், ஜூலை 4

இபு லெஸ்தியானி அவர்களுக்கு,

தாளைப் பிரித்ததும் என்ன நடந்தது என்று உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதலில் சந்தோஷப்பட்டேன்.

"பாறை வழுக்கும், கவனம். வாடுக் ஓடை, மூன்றாவது திருப்பம், சும்பர்பாகிஸ். கஸிரான்." என் எழுத்து. பள்ளத்தாக்குக்கு இந்தப் பக்கமிருந்து எடுத்தும் ஒவ்வொரு எழுத்தும் தெரிகிறது. வளைய வேண்டிய இடத்தில் வளைந்திருக்கிறது. சுமியெமைக் கூப்பிட்டு, "பாரு, படத்துல என் எழுத்து," என்றேன். அவள் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "அதுல ஊர் பேரும் இருக்குல்ல?" என்றாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. நான் வாய்விட்டுப் படித்ததைக் கேட்டுத்தான் சொன்னாள்.

அதற்குப் பிறகு மூன்று நாள் பென்சிலைத் தொடவில்லை.

அந்தப் பலகை ஏன் வந்தது என்று உங்களுக்குத் தெரியாது. ஏப்ரல் மாதம் நீங்கள் முதல் தடவை வந்தபோது, ஓடைப் பாறையில் வழுக்கி முழங்காலைச் சிராய்த்துக்கொண்டீர்கள். லென்ஸைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு விழுந்தீர்கள். நீங்கள் போன பிறகு ஒரு தேக்குப் பலகையைச் செதுக்கி, சுண்ணாம்பு பூசி, கறுப்புச் சாயத்தில் எழுதினேன். வகுப்புக்கு வெளியே நான் எழுதிய முதல் எழுத்து அதுதான். 'வழுக்கும்' என்று மட்டும் எழுதியிருந்தால் போதும். ஆனால் நிநிங் டீச்சர் முதல் நாளிலிருந்து சொல்லிக்கொடுத்தது, எதை எழுதினாலும் இடம், பெயர், தேதி போட வேண்டும் என்று. அப்படிப் போடாவிட்டால் அது மொட்டைக் கடிதம் என்பார். ஆகவே இடம் போட்டேன், பெயர் போட்டேன். பலகை முடிந்துபோனதால் தேதி போடவில்லை. தேதிக்கு இடம் இல்லையே என்று அன்று வருத்தப்பட்டேன்.

நீங்கள் அதற்குப் பிறகு இரண்டு தடவை வந்தீர்கள். அந்தப் பலகையைத் தாண்டித்தான் போனீர்கள். ஒரு தடவைகூடப் படிக்கவில்லை. ஊரிலும் யாரும் படிக்கவில்லை, எல்லோருக்கும் பாறை வழுக்கும் என்று தெரியும். படித்தவன் ஒருவன்தான்.

துகிஜோவிடம் போனேன். தாளைக் கொடுத்தேன். அவனுக்கும் எழுத்துத் தெரியாது, அதனால் நானே படித்துக் காட்ட வேண்டியிருந்தது. என் வாயால் என் குற்றத்தை எழுத்துக்கூட்டிப் படித்தேன். 'திருப்பம்' என்ற இடத்தில் நாக்குப் புரளவில்லை. அவன் அவசரப்படுத்தாமல் காத்திருந்தான். முடிந்ததும், "இன்னொரு வாட்டி படி," என்றான். படித்தேன். "நல்லாத்தான் படிக்கிற. போ, மண்வெட்டிய எடுத்துட்டு வா, எனக்கு வேலை இருக்கு," என்றான். இன்னும் சரியாகப் பேசவில்லை. மண்வெட்டியை மட்டும் வாங்கிக்கொண்டான்.

பலகையைப் பிடுங்கிவிட்டேன்.

ஆனால் உங்கள் மேலிருந்த கோபம் குறைந்தது என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் பலகை நடந்து வருகிறவனுக்காக வைத்தது. மழையில், சேற்றில், அட்டை கடித்து, மூன்று திருப்பம் ஏறி வருகிறவன் படிக்க வேண்டியது. அதை ஸெமாராங்கில் மெத்தையில் படுத்திருக்கிறவன் படிக்கும்படி செய்தது நான் இல்லை. நான் எழுதினேன். நீங்கள் அதை ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு போனீர்கள். இரண்டு பேருக்கும் பெருமை பிடித்து ஆட்டியிருக்கிறது. விலையைக் கொடுத்தது குஞ்சு.

கஸிரான்


மலாங், ஜூலை 9

பாக் கஸிரான்,

இதை உடனே படியுங்கள், கோபத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

குஞ்சு உயிரோடு இருக்கிறது. பாசுருவான் பக்கம் ஒருவன் அதை விற்கப் படம் போட்டிருக்கிறான். கண்டுபிடித்தது யார் தெரியுமா? அதே ஹர்ஜோனோ. நான் குழுவில் எல்லாவற்றையும் எழுதி மன்னிப்புக் கேட்டதும், அந்த மனிதர் பத்து நாள் வேறு வேலை பார்க்காமல் விற்பனைப் படங்களாகத் தோண்டியிருக்கிறார். குஞ்சின் இடது காலில் பின் நகம் நுனி உடைந்து, வெளிப்பக்கம் வளைந்திருக்கும். மே மாதம் நான் நெருங்கி எடுத்த படத்திலும் அது அப்படியே இருக்கிறது. "இபு, உங்க லென்ஸு நல்ல லென்ஸு. நகத்துல கோடுகூடத் தெரியுது," என்று தொலைபேசியில் சொன்னார். எனக்கு நன்றி சொல்லத் தோன்றவில்லை. "அந்த ஒரு வார்த்தைய மேயில சொல்லியிருந்தா என்ன?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

வனவிலங்கு அலுவலர்கள் போய்க் குஞ்சைக் கைப்பற்றிவிட்டார்கள். ஆனால் அந்த ஆள், இது தன் வீட்டுக் கூண்டில் பொரித்த குஞ்சு என்று ஏதோ காகிதம் காட்டுகிறான். அதை உடைக்காவிட்டால் குஞ்சைத் திருப்பிக் கொடுக்க வேண்டிவரும். வியாழக்கிழமை, பதினாலாம் தேதி விசாரணை. இரண்டு சான்று கேட்கிறார்கள். ஒன்று என் படங்கள். நெருங்கி எடுத்த படம் நகத்தைக் காட்டும், ஆனால் எந்த மலை என்று காட்டாது. அதே கூடு எந்த இடத்தில் இருக்கிறது என்று காட்டுவது அந்தப் பெரிய படம்தான். உங்கள் பலகை இருப்பதால்தான் அது சான்று ஆகிறது. மூலையை வெட்டிவிட்டுத் தரலாமா என்று கேட்டேன், உங்களுக்காகத்தான் கேட்டேன். கேமரா எழுதிய மூலக் கோப்பில் ஒரு புள்ளியைத் தொட்டாலும் செல்லாது என்றார்கள்.

இரண்டாவது, கூட்டைத் தினமும் பார்த்துவந்தவரின் வாக்குமூலம். நேரில் வந்து தர வேண்டும். குடில் கட்டியது, பலகை வைத்தது, எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்கும். கூட்டுக்கு அவ்வளவு அருகில் குடில் வைத்திருக்கக் கூடாது என்று அலுவலர் ஏற்கெனவே முணுமுணுத்தார். குடில் போகலாம். முன்கூட்டியே சொல்கிறேன், பிறகு நான் மறைத்தேன் என்று நான்கு நாள் உட்கார்ந்து எழுத வேண்டாம்.

பெரிய படத்தை வெளியிட்டவள் நான்தான் என்று என் வாக்குமூலத்தை எழுதிக் கொடுத்துவிட்டேன். வியாழக்கிழமை என்னால் வர முடியாது, கடையில் மருந்து ஆய்வு இருக்கிறது. உங்களைப் பார்க்காமல் இருப்பதும் ஒரு விதத்தில் நல்லது. உங்கள் ஜூலைக் கடிதத்தின் கடைசி வரிகள் எனக்கு இன்னும் ஆறவில்லை. அவை சரியாக இருந்ததால் ஆறவில்லை.

லெஸ்தியானி


சும்பர்பாகிஸ், ஜூலை 17

இபு லெஸ்தியானி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் புதன்கிழமை வந்தது. வியாழக்கிழமை விடியுமுன் லாரியில் முட்டைக்கோஸ் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து வனவிலங்கு அலுவலகத்துக்கு இறங்கிப் போனேன். துகிஜோவும் வந்தான். நான் கூப்பிடவில்லை. "சந்தையில எனக்கு வேலை," என்றான். சந்தை அந்தப் பக்கம் இல்லை.

அலுவலர் இளைஞர், நல்லவர், அவசரக்காரர். "பாக், நீங்க வாயால சொல்லுங்க, இவங்க தட்டச்சு பண்ணுவாங்க. கடைசியில கட்டைவிரல் வெச்சாப் போதும்," என்று மைப்பெட்டியைத் தள்ளினார். என் வாழ்க்கை முழுதும் அந்தப் பெட்டியைத்தான் எனக்குத் தள்ளியிருக்கிறார்கள்.

"எழுதத் தெரியும். நானே எழுதுறேன்," என்றேன்.

"நேரமாகுமே."

"ஆகும்."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தாள் கொடுத்துவிட்டு, உங்கள் படங்களை எடுத்துக்கொண்டு மேலதிகாரி அறைக்குப் போனார். அறையில் நானும், தட்டச்சு செய்யும் பெண்மணியும், சுவர் ஓரப் பெஞ்சில் ஒரு ஆளும் இருந்தோம். அந்த ஆள்தான் குஞ்சை விற்கப் பார்த்தவன். முப்பத்தைந்து வயது இருக்கும், புதுச் செருப்பு, கிராம்புச் சிகரெட் வாசனை. நான் தலையைக் குனிந்து எழுதினேன். குடில் கட்டியதை எழுதினேன். பலகைக்கு வந்ததும் கை நின்றது. அதற்கு முன் ஒரு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். அது அவன் காதில் விழுந்துவிட்டது.

"ஓ, அந்தக் கஸிரான் நீங்கதானா?" என்று சிரித்தான். "பெரியவரே, உங்க கையைத் தொட்டுக் கும்பிடணும். மூணாவது திருப்பம்னு நீங்க எழுதி வெக்கலன்னா, அந்த மலையில நான் ஒரு வாரம் சுத்தியிருப்பேன்."

இபு, எழுபத்தொரு வருடத்தில் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்ததில்லை. மேசை மேல் கனமான தாள்குத்தி ஒன்று இருந்தது. என் கை அதன் பக்கம் போனது, போனதை நான் பார்த்தேன். பிறகு அந்தக் கையில் பேனா இருப்பதையும் பார்த்தேன்.

"என்ன சொன்ன? ஒரு வாரமா?" என்று கேட்டேன்.

"ஆமா, ஒரு வாரம்."

"கொஞ்சம் மெதுவா சொல்லு தம்பி. எனக்குக் கை ஓடாது."

நான் வகுப்புப் பாடம் எழுதுகிறேன் என்று நினைத்தானோ, கிழவனோடு விளையாடலாம் என்று நினைத்தானோ, எழுந்து வந்து பக்கத்தில் நின்றான். சொல் சொல்லாக நிறுத்திச் சொன்னான். நான் எழுதினேன். "'சுத்தியிருப்பேன்'ல ஒரு எழுத்து விட்டுட்டீங்க பாருங்க," என்று விரல் வைத்துக் காட்டினான். திருத்தினேன். நன்றி சொன்னேன். "ஆணி எத்தன அடிச்ச?" என்றேன். "அறுபத்தி நாலு. பாவம், எண்ணிப் பாக்கலியா நீங்க?" என்றான். அதையும் எழுதினேன். தட்டச்சுப் பெண்மணியின் விரல்கள் அதற்கு முன்பே நின்றுவிட்டன.

அலுவலர் திரும்பி வந்து உரக்கப் படித்தார். நடுவில் அவர் குரல் மாறியது. அந்த ஆள், "ஐயா, சும்மா கிண்டலுக்குச் சொன்னது, பெரியவர் அதப் போயி எழுதிட்டாரு," என்றான். அந்தப் பெண்மணி திரும்பாமலே, "நானும் கேட்டேன். எழுத்துகூடத் திருத்திக் கொடுத்தாரு," என்றார். அலுவலர் என் பக்கம் தாளைத் தள்ளி, "பாக், கீழ உங்க பேரு, ஊரு, தேதி போடுங்க," என்றார். மூன்றையும் போட்டேன். இந்தத் தடவை எல்லாவற்றுக்கும் இடம் இருந்தது.

காகிதம் பொய் என்று முடிவாகிவிட்டது. குஞ்சு அவனுக்கு இல்லை. எங்களுக்கும் இல்லை. மீட்பு நிலையத்தில் பெரிய கூண்டில் வைத்து வேட்டையாடப் பழக்குவார்களாம், ஒரு வருடம் ஆகுமாம். நகத்தைப் பார்க்க ஐந்து நிமிடம் விட்டார்கள். அது என்னைப் பார்த்து வாயைத் திறந்து சீறியது. மனிதனைக் கண்டு இன்னும் சீறுகிறது என்றதும் எனக்கு உயிர் வந்தது. துகிஜோ வாசலில் நின்றான். உள்ளே வரச் சொன்னேன். "வேண்டாம், எனக்கு இங்க நின்னாலே தெரியுது," என்றான். கண்ணைத் துடைத்துக்கொண்டான், சிகரெட் புகை என்று சொன்னான். அவன் சிகரெட்டை விட்டு ஆறு வருடம்.

குடிலைப் பிரிக்கச் சொல்லிவிட்டார்கள். கூட்டிலிருந்து முந்நூறு அடிக்குள் இனி எதுவும் கட்டக் கூடாது. நேற்று நானும் துகிஜோவும் மூங்கிலை அவிழ்த்துச் சுமந்து வந்தோம். நீங்கள் ஆறு நாள் உட்கார்ந்த முக்காலியும் என் வீட்டில்தான் இருக்கிறது, சுமியெம் அதில் கோழியை உட்காரவைத்திருக்கிறாள். சட்டம் சரி என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கோபம் வருகிறது. அவர்கள் மேல், உங்கள் மேல், அந்த ஹர்ஜோனோ மேல், என் மேல். நான்கு பேருக்கும் தனித்தனியாக எழுத வேண்டியிருக்கிறது.

உங்களை நான் மன்னித்துவிட்டேன் என்று இந்தக் கடிதத்தில் எங்கேயும் எழுதவில்லை, தேடிப் பார்க்க வேண்டாம். உங்களிடம் கேட்க இன்னும் ஏழெட்டுக் கேள்வி பாக்கி இருக்கிறது, ஒவ்வொன்றும் காரமானது. தாள் தீர்ந்துவிட்டது, விரலும் மடங்கவில்லை. மீதியை அடுத்த வாரம் எழுதுகிறேன். அதற்குள் அவசரப்பட்டுப் பதில் போட்டுவிடாதீர்கள். நடுவில் பேசினால் எனக்கு எழுத்து தப்பும்.

கஸிரான்